பழைய டிராக்டரின் என்ஜின்: புதுப்பிப்பதா, மாற்றுவதா?

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பா அறுவடை முடிந்து டிராக்டர்கள் சற்று ஓய்ந்து நிற்கும் காலம் இது. குறுவைக்குத் தண்ணீர் வருமுன் அவற்றைச் செப்பனிட விரும்புவோர் இப்போதே முடிவு செய்தாக வேண்டும். ஊராட்சி உறுப்பினர்களாகிய உங்களிடம் ஊரார் யோசனை கேட்டு வருவதும் இம்மாதங்களில்தான். ஆகவே, தேய்ந்த என்ஜினைப் பிரித்துப் புதுப்பிப்பதா, அன்றி வேறு என்ஜினைப் பொருத்துவதா என்னும் கேள்வியை இன்று நாம் எடுத்துக்கொள்வோம். நகையை அடகு வைத்தோ நிலத்தின்பேரில் கடன் வாங்கியோதான் நம்மில் பலர் இச்செலவைச் செய்கிறோம். கணக்குத் தவறினால் டிராக்டரும் நிற்கும், கடனும் நிற்கும்.

1960-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனத்தின் மாஸி பெர்கூசன் டிராக்டர்கள் பலவற்றில் சிம்ப்சன் மூன்று சிலிண்டர் டீசல் என்ஜின் அமைந்திருக்கிறது. நம்மிடையே நன்கு பழகிய என்ஜின் ஆதலால் அதனையே மனத்தில் வைத்துப் பேசுவோம்.

என்ஜின் உண்மையிலேயே தேய்ந்திருக்கிறதா என்பதை முதலில் அறிய வேண்டும். கரும்புகை வந்தவுடன் என்ஜினைப் பிரித்துவிடுவோர் உண்டு. காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும், நாசில் சரியாகத் தூவாவிட்டாலும் கரும்புகைதான் வரும். அதற்குச் சிறு செலவே போதும். நீலப்புகை வேறு, அது எண்ணெய் எரிவதன் அடையாளம். எண்ணெய் ஊற்றும் வாயைத் திறந்தால் அங்கும் புகை மூச்சு விடுகிறதென்றால் ரிங்குகளும் லைனர்களும் தேய்ந்தன என்று கொள்ளலாம். மிஸ்திரியிடம் அழுத்தமானி இருந்தால் ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் நாசில் துளை வழியே சில துளி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தால் அழுத்தம் உயருகிறதா? குறை ரிங்கில் இருக்கிறது. உயரவில்லையா? வால்வைப் பாருங்கள், ஹெட்டை மட்டும் கழற்றி வேலை பார்த்தால் போதியதாகலாம்.

இனி, லாரி என்ஜின் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, அதைப் பூட்டிவிடலாம் என்று சிலர் ஆசை காட்டுவதுண்டு. இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். லாரியில் என்ஜின் சட்டத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பாரத்தைச் சட்டம் சுமக்கிறது. நம் டிராக்டரிலோ பெரும்பாலும் அத்தகைய சட்டமே கிடையாது. முன் அச்சு ஒரு பக்கமும் கிளட்ச் பெட்டி மறுபக்கமும் என்ஜினோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. அதாவது என்ஜினே டிராக்டரின் முதுகெலும்பு. மெல்லிய தகட்டாலான எண்ணெய்த் தொட்டியுடைய என்ஜினை அந்த இடத்தில் வைத்துக் கேஜ் வீல் பூட்டிச் சேற்றில் இறக்கினால், இணைப்பில் விரிசல் காணக்கூடும். வேகமும் ஒத்துவராது. ரோட்டவேட்டரைச் சுழற்றும் பின்தண்டு நிமிடத்திற்கு 540 சுற்றுச் சுழலவேண்டும். அது டிராக்டரின் சொந்த என்ஜின் வேகத்தைக் கணக்கிட்டு அமைந்தது. பாரம் ஏறினாலும் வேகம் குன்றாமல் காக்கும் கவர்னரும் உழவுக்கு இன்றியமையாதது. லாரியின் டீசல் பம்பில் உள்ளது அதே பணிக்காக அமைந்ததன்று.

பதிவுப் புத்தகத்தில் என்ஜின் எண் எழுதப்பட்டிருப்பதையும் மறக்கலாகாது. வாகனத்தை மாற்றியமைப்பது பற்றி 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. எந்த என்ஜினை மாற்றுவதானாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டுக்கொள்வது நலம். விபத்துக்குப் பின் காப்புத்தொகை கேட்கும்போது எண் ஒவ்வாதிருந்தால் என்ன பதில் சொல்வது?

அதே வகை என்ஜினை, கழித்த டிராக்டரிலிருந்து எடுத்துப் பொருத்துவது வேறு விஷயம். சில நாட்களில் வேலை முடியும். ஆயினும் அதன் உள்ளே இருப்பதை நாம் கண்டதில்லை. வண்டியிலிருந்து இறக்குமுன், பாரம் ஏற்றி அரைமணி நேரமாவது ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சூடேறிய பின்னர் எண்ணெய் அழுத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

நம் கருத்தைக் கேட்டால், பிளாக்கும் கிராங்க் தண்டும் நன்றாயிருக்கும்வரை சொந்த என்ஜினைப் புதுப்பிப்பதே மேல் என்போம். லைனர், பிஸ்டன், பேரிங் யாவும் மாற்றக்கூடியவை. கிராங்க் தண்டை அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20, 30 பங்கு எனப் படிப்படியாக அரைத்து, அதற்கேற்ற பேரிங் போடலாம். முன்னரே கடைசி அளவுக்கு அரைத்த தண்டாயின் வேறு தண்டு தேடவேண்டும். பிளாக்கிலேயே, குறிப்பாகப் பெரிய பேரிங்குகள் அமரும் இடத்தில், விரிசல் கண்டால் அப்போதுதான் மாற்று என்ஜின் நியாயமாகும். ஆகவே பிரித்து, கழுவி, அளந்த பிறகே மொத்தச் செலவைப் பேசுங்கள். அளவுகளை எழுதி வாங்குங்கள். கியர் பெட்டியும் ஹைட்ராலிக்கும் டயரும் எந்நிலையில் உள்ளன என்பதையும் கூட்டிப் பாருங்கள். அவையும் ஓய்ந்திருந்தால் என்ஜினுக்கு மட்டும் பணம் கொட்டுவதைவிட, வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரைக் கொண்டு ஒரு போகம் தள்ளிப் பார்ப்பது சிக்கனம்.

புதுப்பித்த என்ஜினை வீட்டு வாசலில் வெறுமனே மணிக்கணக்கில் உறுமவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதனால் ரிங்குகள் சரியாகப் படியா. மிதமான பாரத்தோடு புழுதி உழவில் ஓட்டி, ஏறத்தாழ முதல் 50 மணி நேரத்தில் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, ஹெட் போல்ட்டுகளையும் வால்வு இடைவெளியையும் மிஸ்திரியைக் கொண்டு சரிபார்த்த பிறகே சேற்றில் இறக்குங்கள்.