‘தேக்கு’ என்று எழுதிவிட்டால் தேக்காகிவிடுமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களை எல்லோரும் பார்த்திருப்போம். மரத்தேர் போலவும் ஓலைக்குடிசை போலவும் வடித்த கல். அதை மரம் என்று சொல்லி யாரும் நம்மிடம் காசு வாங்குவதில்லை. கடைகளில்தான் ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்கிறார்கள்.

எங்கள் வீட்டுச் சமையலறைக்கு ‘வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டே மழைக்காலம், சிங்க்குக்குக் கீழே பலகை அப்பளம் போல உப்பிவிட்டது. பில்லை எடுத்துப் பார்த்தால் ‘ப்ளைவுட் 8 ஷீட்’ என்று மட்டும் இருக்கிறது. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்பது விளம்பர வார்த்தை. தரத்தின் பெயர் அல்ல. ஐ.எஸ். 303 தரத்தில் ‘எம்.ஆர்.’ என்றால் ஈரப்பதம் தாங்கும். படுக்கையறை அலமாரிக்குப் போதும். ‘பி.டபிள்யூ.ஆர்.’ என்றால் கொதிநீர் தாங்கும், சமையலறைக்கு அதுதான். ஐ.எஸ். 710 மரைன் ப்ளைவுட். அதைக் கொதிநீரில் 72 மணி நேரம் போட்டுச் சோதிக்கிறார்கள். கடற்காற்று படும் நம் பகுதியில் இந்த வித்தியாசம் சீக்கிரமே தெரிந்துவிடும்.

தேக்கும் அப்படித்தான். ‘டீக் வெனீர்’ என்றால் மேலே மெல்லிய தேக்கு ஏடு. ‘டீக் ஃபினிஷ்’ என்றால் பெரும்பாலும் தோற்றம் மட்டும்தான்.

ப்ளைவுட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் மத்திய அரசின் ஆணை 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முத்திரையோடு இருக்கும் ‘சி.எம்./எல்.’ உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை.

புகாருக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை.

வீட்டில் மரவேலை தொடங்கப்போகிறவர்களுக்கு இரண்டே வேண்டுகோள். பில்லில் தரம், ஐ.எஸ். எண், கனம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஆசாரி மைக்கா ஒட்டுவதற்கு முன்பே பலகையில் உள்ள முத்திரையைப் படம் எடுத்து வையுங்கள். ஒட்டிவிட்டால் அது தெரியாது. நான் விட்டது அந்த ஒரு படத்தைத்தான்.