அடிமைத் தாயின் மகனும் கிரேக்க இலக்கணமும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

மேற்படிப்பைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். வேலை தரும் படிப்புகளை எனக்கு முன் பேசியோர் நன்கு விளக்கினர். பயனில்லை என்று நாம் ஒதுக்கிவிடும் ஒரு படிப்பை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். கிரேக்கம், இலத்தீன் ஆகிய மொழிகளையும் அம்மக்களின் பழைய வரலாற்றையும் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் தனித்துறையாக வைத்துப் பயிற்றுகின்றனர். அதற்குச் செவ்வியல் துறை என்று பெயர்.

அமெரிக்காவில் அடிமை முறை நிலவிய காலத்தில் இக்கல்வியே மனிதனை அளக்கும் கோலாக வைக்கப்பட்டது. கிரேக்க இலக்கணம் அறிந்த கறுப்பர் ஒருவரைக் காட்டினால்தான் அவ்வினத்தாரையும் மனிதர் என்று நம்புவேன் என்று கால்ஹூன் என்னும் அரசியல் தலைவர் கூறியதாக அலெக்சாண்டர் கிரம்மெல் என்னும் கறுப்பினப் போதகர் எழுதியுள்ளார். அந்தக் கிரம்மெல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் பயின்று, 1853-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

வில்லியம் சாண்டர்ஸ் ஸ்கார்பரோ 1852-ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்தவர். அடிமைகளுக்கு எழுத்தறிவித்தல் அம்மாநிலத்தில் சட்டப்படி குற்றமாக இருந்தது. எனவே அவர் மறைவாகவே எழுத்துக் கற்றார். விடுதலை வந்தபின் ஓபர்லின் கல்லூரியில் பயின்று 1875-இல் பட்டம் பெற்றார். 1881-இல் கிரேக்க மொழிக்குத் தொடக்க நூல் ஒன்றை எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில்தான் புக்கர் வாஷிங்டன் டஸ்கீகியில் தொழிற்கல்வி நிலையத்தைத் தொடங்கினார். கறுப்பின மக்களுக்குக் கைத்தொழிலே போதும் என்று பலர் கூறிய அக்காலத்தில், உயர்கல்வியின் எந்தக் கதவும் தம் மக்களுக்கு அடைபடலாகாது என்று ஸ்கார்பரோ வாதாடினார். பின்னாளில் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் உயர்ந்தார்.

நம் அண்ணல் அம்பேத்கர் அவர்களும் பள்ளியில் வடமொழி பயில விரும்பினார்; அது மறுக்கப்பட்டமையால் பாரசீகம் பயில நேர்ந்தது என்பதனை நீவிர் அறிவீர். பழைய மொழிக்குக் காவல் போடுவோர் எந்நாட்டிலும் உளர். பழைய நூலைத் தாமே படிக்க இயலாதவன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பிறர் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும். காவலின் நோக்கம் அதுவே.

அத்துறையில் மாணவர் செய்வது யாது? முதலில் எழுத்தும் இலக்கணமும் கற்பர். பின்னர் ஹெரோடோட்டஸ், தூசிடிடீஸ் போன்ற வரலாற்றாசிரியர்களை மூலத்திலேயே படிப்பர். அவர்கள் கூறுவதைக் கல்வெட்டு, காசு, பானையோவியம் ஆகியவற்றோடு ஒப்பிட்டு ஆராய்வர். ஓர் எடுத்துக்காட்டு கூறுகின்றேன். ஏதென்ஸ் நகரத்து எரெக்தியம் கோயிலைக் கட்டியபோது எழுதிய கூலிக்கணக்கு, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த கல்வெட்டாகக் கிடைத்துள்ளது. குடிமக்களும் அயலூராரும் அடிமைகளும் ஒரே தூணில் அருகருகே நின்று வேலை செய்ததனையும், ஒரே வேலைக்கு ஒரே கூலி கணக்கிடப்பட்டதனையும் அது காட்டுகின்றது. அடிமையின் கூலி அவனுடைய ஆண்டையின் கைக்கே சென்றிருக்கக் கூடும். ஆயினும் அவன் பெயர் கல்லில் இருக்கின்றது. கோயிலின் அழகைப் புகழ்வோர் பலர். அதனைச் செதுக்கியவன் பெயரைத் தேடிப் படிப்பவரும் வேண்டும் அல்லவா?

இத்தகைய தேடலை ஒரு துறையின் பணியாக நடத்திக் காட்டியவர் ஃபிராங்க் ஸ்னோடன். வாஷிங்டன் நகரில் கறுப்பின மக்களுக்குக் கல்வியளிக்கும் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியராக விளங்கினார். பழங்கால நூல்களையும் சிலைகளையும் ஓவியங்களையும் ஆராய்ந்து, இக்காலத்து நிறவெறி போன்றதொன்று கிரேக்க உரோமானியரிடம் இருந்ததில்லை என்று 1970-இல் வெளியிட்ட நூலில் நிறுவ முயன்றார். அவர் முடிவை மறுப்பாரும் உளர். எனினும் அதன்பின் அப்பொருளை ஆராய வந்தோர் அந்நூலைத் தவிர்த்துச் செல்ல இயலவில்லை.

அப்பல்கலைக்கழகத்தில் 1867-ஆம் ஆண்டு முதல் இருந்துவந்த அத்துறை, 2021-ஆம் ஆண்டில் தனித்துறை என்னும் நிலையை இழந்தது. மாணவர்கள் அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். போராடிப் பெற்ற கதவும் பேணாவிடின் மூடிக்கொள்ளும் என்பதற்கு இஃதொரு சான்று.

இனி என் குறை ஒன்றையும் சொல்லல் வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய நம் தெரு மாணவன் ஒருவன், "ஐயா, நான் வரலாறு படிக்கலாமா?" என்று கேட்டான். செங்கற்சூளையில் உழைத்த அவன் தந்தையாரை எண்ணி, "வணிகவியல் படி, சோறு கிடைக்கும்" என்றேன். நானே வரலாற்றுப் பட்டதாரி. இருந்தும் அவ்வாறு கூறினேன். அவன் என் சொல்லைத் தட்டவில்லை. இரண்டாம் ஆண்டிலேயே கல்லூரியை விட்டு நின்றுவிட்டான். என் சொல் ஒன்றே காரணம் என்று கூற மாட்டேன். ஆனால் அவன் விரும்பியது யாது, அதற்கு வழி உண்டா என்று கேட்டறிய ஒரு மாலைப்பொழுதைக்கூட நான் செலவிடவில்லை. நம் பிள்ளைகளுக்குப் பிறர் போட்ட எல்லையை, அன்பின் பெயரால் நானும் போட்டேன்.

எல்லோரும் தொன்மொழி கற்கப் புறப்படுங்கள் என்று நான் கூறவில்லை. குடும்பத்தின் வறுமை பொய்யன்று, வேலையும் வேண்டும். ஆனால் நூறு பிள்ளைகளில் ஒருவருக்கேனும் பழைய எழுத்தின்மேல் ஆவல் பிறக்குமாயின், அதனை அடக்காதீர்கள். நம் நாட்டிலும் கல்வெட்டியலும் தொல்லியலும் பயிற்றும் துறைகள் உள. அங்கு நம் பிள்ளைகளும் அமர்ந்து, கல்லில் யார் பெயர் உள்ளது, யார் பெயர் விடுபட்டது என்று கேட்கட்டும். அத்தகைய மாணவர்க்கென ஆண்டுதோறும் ஓர் உதவித்தொகையேனும் ஒதுக்குமாறு இச்சங்கத்தை வேண்டுகின்றேன். என் பங்காக ஒரு மாத ஊதியத்தை அதற்கு அளிக்கின்றேன்.