றக்பி அணிக்கு இருவரைத் தெரிதல்

தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு மாநகரை நனைக்கும் நாட்களில், சேறு படிந்த உடையுடன் இளைஞர் சிலர் முட்டை வடிவப் பந்தொன்றைத் துரத்தி ஓடும் காட்சியை நேயர்கள் கண்டிருப்பர். வெள்ளவத்தையில் வாழ்வோர்க்கு ஹவ்லொக் மைதானம் நடந்து செல்லும் தூரத்தில் உள்ளது. கொட்டாஞ்சேனையிலிருந்து வருவோர் பஸ் ஏறி நகரைக் கடந்து வருதல் வேண்டும். எவ்வழி வந்தாலும், ஆட்டம் தொடங்கியதும் அவர்களிடையே எழும் வாதம் ஒன்றே: நாட்டின் அணியில் ஒன்பதாம் இலக்கச் சட்டையையும் பத்தாம் இலக்கச் சட்டையையும் யார் அணிய வேண்டும் என்பதே அது.

இலங்கையில் றக்பி ஆட்டம் பழைமை வாய்ந்தது. 1879ஆம் ஆண்டில் கொழும்பில் முதற் கழகம் தோன்றிற்று. 1908இல் நாட்டுக்குரிய சங்கம் அமைந்தது. ஆங்கிலேயரின் பொழுதுபோக்காகத் தொடங்கிய ஆட்டம் நாளடைவில் இந்நாட்டவரின் ஆட்டமாயிற்று.

ஓரணியில் பதினைவர் ஆடுவர். எண்மர் முன்வரிசையினர், பந்தைப் போராடிப் பெறுவது அவர் கடன். ஏனைய எழுவருள் பந்தை முதலிற் கையாளும் இருவரே ஹாஃப் பாக் எனப்படுவோர். ஸ்க்ரம் ஹாஃப் என்பவர் முன்வரிசையினரின் காலடியிலிருந்து பந்தை எடுத்து வீசுகிறார். ஃபிளை ஹாஃப் என்பவர் அதைப் பெற்று, ஓடுவதா, உதைப்பதா, பிறர்க்குக் கொடுப்பதா என்பதைக் கண்ணிமைக்கும் பொழுதில் முடிவு செய்கிறார். குடம் எவ்வளவு பெரிதாயினும் நீர் அதன் கழுத்து வழியாகவே வெளிவருதல் வேண்டும். அணியின் கழுத்து இவ்விருவர். கழுத்து அடைபட்டால் ஏனைய பதின்மூவரின் உழைப்பும் பயனற்றதாகும்.

இத்தகையோரை எவ்வாறு தெரிவது? ஸ்க்ரம் ஹாஃப் இரு பக்கமும் ஒரே விரைவுடன் பந்தை வீச வல்லவராதல் வேண்டும். தம்மினும் பருத்தவர் பாய்ந்து வரும்போதும் அஞ்சாது குனிந்து நிற்றல் வேண்டும். ஃபிளை ஹாஃப் இரு காலாலும் உதைக்கப் பழகியவராதல் நன்று. இவை யாவரும் அறிந்தவை. ஆயினும் கொழும்பில் மற்றுமொரு சோதனை உண்டு, அது மழை. உலர்ந்த தரையிலே கையில் ஒட்டிய பந்து, மழையிலே மீனைப் போல் வழுக்குகிறது. வெயிலிற் கண்ட திறமையை மட்டும் நம்பித் தெரிந்தவர், மழை நாளில் வருந்த நேரிடும்.

இதனினும் பெரிய தவறு ஒன்றுண்டு. இருவரையும் தனித்தனியே அளந்து தெரிவதே அது. கொட்டாஞ்சேனை இளைஞர் ஒருவர் மிக நீண்டு வீசும் ஸ்க்ரம் ஹாஃப் என்றும், வெள்ளவத்தை இளைஞர் ஒருவர் நெருங்கி நின்று ஓடியபடியே பந்தைப் பெறும் ஃபிளை ஹாஃப் என்றும் கொள்வோம். தத்தம் கழகத்தில் இருவரும் சிறந்தவரே. ஆனால் சில நாட் பயிற்சியுடன் அவர்களை ஒன்றாக நிறுத்தினால், வீசிய பந்து வாங்குபவரின் முதுகுக்குப் பின்னே செல்லும். பார்ப்போர் இருவரையும் பழிப்பர். உண்மையிற் பிழை தெரிந்தவருடையது, இழப்போ அவ்விளைஞருடையது. மறுமுறை அழைப்பு வராமலே ஒருவரது ஆட்டக்காலம் கழிந்துவிடவும் கூடும்.

வேல்ஸ் நாட்டின் கரெத் எட்வர்ட்ஸ், பாரி ஜோன் என்னும் இருவரின் கதை யாவரும் அறிந்தது. முதன்முறை சேர்ந்து பயிற்சி செய்த நாளில் மழை பெய்து தரை சேறாகியிருந்தது. எங்ஙனம் வீச வேண்டும் என எட்வர்ட்ஸ் வினவ, நீர் வீசினாற் போதும், பிடிப்பது தம் பொறுப்பு எனும் கருத்துப்பட ஜோன் விடையிறுத்தார் என்பர். அந்நம்பிக்கை வளர்ந்து, 1971இல் நியூசிலாந்து மண்ணிலே பிரித்தானிய லயன்ஸ் அணி தொடரை வெல்லப் பெருந்துணை புரிந்தது. நம் நாட்டிலும் ஃபாசில் மரிஜா, ரொஷான் வீரரத்ன ஆகிய இருவரும் கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியிற் பயின்று, கண்டிக் கழகத்திலும் நாட்டின் அணியிலும் சேர்ந்தாடினர். ஒருவர் கை அசையுமுன் மற்றவர் கால் நகரும் பழக்கம் இத்தகைய நெடுநாள் உறவிலே பிறப்பது.

1950ஆம் ஆண்டு செப்டம்பரில் லயன்ஸ் அணி கொழும்பில் இலங்கை அணியை 44க்கு 6 என வென்ற காலத்தில், காயமுற்றவர்க்குப் பதிலாள் இறங்கும் வழக்கமில்லை. சர்வதேச ஆட்டத்தில் அதற்கு 1968இலேயே இடமளிக்கப்பட்டது. இன்றோ எண்மர் பதிலாட்களாகக் காத்திருப்பர். ஆதலின் மாற்று ஸ்க்ரம் ஹாஃப் ஒருவரையும், களத்திலுள்ள துணைவருக்கு ஏற்றவராகத் தெரிதல் வேண்டும்.

தெரிவுக்குழுவினர் அனைவரும் ஏதோவொரு கல்லூரியின் பழைய மாணவர். ஏதோவொரு கழகத்தின் அன்பர். 1945 முதல் பிராட்பிக் கேடயத்துக்காக மோதும் றோயல், திரித்துவக் கல்லூரிகளின் ஆதரவாளரைக் கண்டோர் அப்பற்றின் வலிமையை அறிவர். பற்று ஆட்டத்துக்கு உயிரூட்டுவது. தெரிவு மேசையிலோ அது கண்ணை மறைப்பது. வள்ளுவர் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரங்களை முன்வைத்து, சுற்றந்தழாலை அவற்றின் பின்னரே வைத்தமை எண்ணத்தக்கது.

பெயரைக் கேட்டு ஊரையும் இனத்தையும் ஊகிக்கும் பழக்கம் எத்தகைய துயரை விளைத்தது என்பதை வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் 1983ஆம் ஆண்டு ஆடியில் அறிந்தன. சேறு பூசிய சட்டையிலே பெயர் தெரிவதில்லை. இலக்கம் கூட மறைந்துவிடுகிறது. அந்நிலையிலும், பந்து சரியான கைக்குச் செல்கிறதா என்பது மட்டும் தெளிவாகத் தெரியும். தெரிபவர் காண வேண்டியது அதுவே. தெரியப்படாத இளைஞருக்கும் காரணத்தை நேரிற் கூறுவாராயின், அவர் அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் மைதானத்துக்கு வருவார். அவ்வாறு வருவோர் உள்ளவரை நாட்டின் அணி வறுமையுறாது.