வாசலுக்கு ஒரு பச்சை மறைப்பு
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் பேசியது)



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். திண்ணையில்தான் கூட்டம். சிமெண்டு ரோட்டை மேல மேல போட்டதில் தெரு ஒசந்து வீடு பள்ளமாகிவிட்டது. ரோட்டில் நின்றால் அடுப்பு வரைக்கும் தெரிகிறது. கடன் பணத்தை எண்ணும்போது ஒரு அக்கா முந்தானையில் மறைச்சாங்க. "யாராச்சும் பாத்தா சாயங்காலமே வீட்டுக்காரர் காதுக்குப் போயிடும்மா, புடுங்கிக்குவாரு" என்றார்கள்.

பணம் மட்டுமா? மாதவிலக்குத் துணி நல்ல வெயிலில் காய வேண்டும் என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம்! மறைவு இல்லாமல் எங்கே காயப்போடுவது? சேலைக்கு அடியில் ஈரமாகவே கிடக்குது.

சுவர் வைக்கக் கடன் கேட்கிறவர்களும் உண்டு. அந்தச் சுவர் திருப்பிக் கட்டப் பத்துக் காசு தராது. நம்ம பாட்டிமார் வைத்த உயிர்வேலியே போதும்.

முதலில் திண்ணையில் உட்காருங்கள். பிள்ளையை ரோட்டில் நடக்கச் சொல்லுங்கள். பார்வை எங்கே படுதோ, அந்த இடத்தை மட்டும் மறைத்தால் போதும். கோலம் போடும் இடத்தையும் நடையையும் விட்டுவிடுங்கள். நடைப் பக்கத்துச் செடி இடுப்புக்கு மேல போக வேண்டாம். யார் வர்றாங்கன்னு நமக்குத் தெரியணுமே! துணி காயும் பக்கம் தலை உயரம் இருக்கட்டும். ஆனால் கொடி வேலியை ஒட்டி வேண்டாம், நிழல் விழும்.

ஆடு திரியும் ஊருக்கு ஆடாதொடையும் நொச்சியும் நல்லது, ஆடு வாய் வைக்காது. ஆடு வராத இடத்தில் மருதாணி, செம்பருத்தியும் வைக்கலாம். கிளுவை நல்ல வேலிதான், ஆனால் தழையை ஆடு விடாது. அரளி வேண்டாம், விஷம். காட்டாமணக்கும் வேண்டாம். 2000-க்குப் பிறகு டீசல் செடி என்று ஊரெல்லாம் நடச் சொன்னார்கள். கொட்டையைத் தின்ற பிள்ளைகள் வாந்தி எடுத்ததுதான் மிச்சம். குளிக்கிற தண்ணி ஓடும் இடத்தில் கல்வாழை, வாழை வைத்தால் தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஐப்பசி மழை பிடிக்கும்போது ஒரு முழக் குச்சியை, மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். அடிக்கு ஒன்று, இரண்டு வரிசை, ஒன்றுக்கு எதிரே ஒன்று வராமல் மாற்றி மாற்றி. நம்ம பட்டா எல்லைக்கு ஒன்றரை அடி உள்ளே தள்ளி நடுங்கள். செடி பருத்துத் தெருவுக்குள் போனால் பஞ்சாயத்தில் வெட்டிப் போடுவார்கள், சண்டைதான் வரும்.

எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. செடி முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ள மனசு வராது. கிள்ளாவிட்டால் மேலே குடை மாதிரி விரிந்து, கீழே ஓட்டை விழும். உட்கார்ந்திருக்கிற நம்ம முகம் அந்த ஓட்டையில்தான் தெரியும்! கிள்ளக் கிள்ளத்தான் அடியிலிருந்து கிளைக்கும். அடியில் குப்பை சேரவிடாதீர்கள், பாம்பு அடையும்.

அந்த அக்கா வீட்டு முன்னாடி குழுவே சேர்ந்து நடுவதாகப் பேசியிருக்கிறோம். குச்சி வேணுங்கிறவங்க அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு ஈரச் சாக்கு எடுத்துட்டு வாங்க.