48-ஆம் எண் ஆட்டக்காரர்



ஜெரால்டு ஃபோர்டு என்றதும் தமக்கு முன்னவரான நிக்சனுக்கு மன்னிப்பு வழங்கிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர்தான் நினைவுக்கு வருவார். அந்தக் கதையை வரலாற்றுத் துறையினரிடம் விட்டுவிடுகிறேன். நான் பேச வந்தது பந்தாட்டக்காரர் ஃபோர்டைப் பற்றி, கடற்படை அதிகாரி ஃபோர்டைப் பற்றி.

மிஷிகன் பல்கலைக்கழக அணியில் அவருக்கு 48-ஆம் எண் சட்டை, சென்டர் இடம். அமெரிக்கக் கால்பந்து நம் ஊர்க் கால்பந்து அல்ல. பந்தைக் கையில் ஏந்தி, முட்டி மோதி ஓடுகிற ஆட்டம். அந்நாளில் சென்டர் குனிந்து, கால்களுக்கிடையே தலைகீழாகப் பார்த்துப் பந்தைப் பின்னால் எறிவார். எறிந்த மறுகணமே எதிராளி மேலே வந்து விழுவான். கைதட்டல் எல்லாம் பந்தோடு ஓடுகிறவருக்கு. 1932, 1933 இரண்டு ஆண்டும் மிஷிகன் தேசிய வாகை சூடியது. அப்போது ஃபோர்டு பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர். அவருக்கு நிலையான இடம் கிடைத்த 1934-இல் அணி எட்டு ஆட்டத்தில் ஏழில் தோற்றது. அந்த ஆண்டுதான் சக வீரர்கள் அவரை அணியின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

வென்ற அந்த ஒரே ஆட்டம்தான் வெட்கக்கேடு. அக்டோபர் 20, எதிரே ஜார்ஜியா டெக். கறுப்பர் ஆடினால் களமிறங்க மாட்டோம் என்றது தெற்கிலிருந்து வந்த அந்த அணி. மிஷிகன் அணியில் இருந்த ஒரே கறுப்பின வீரர் வில்லிஸ் வார்டு, ஃபோர்டின் நண்பர். அடுத்த ஆண்டு ஓட்டப் பந்தயத்தில் புகழ்பெற்ற ஜெஸ்ஸி ஓவன்ஸையே முந்தியவர். பல்கலைக்கழகம் பணிந்து, அவரை உட்கார வைத்தது. ஆட்டத்தைப் புறக்கணிக்க எண்ணினார் ஃபோர்டு; வார்டே ஆடச் சொன்னார். ஆடினார். மிஷிகன் 9-2 என வென்றது. என்னைக் கேட்டால், ஆடாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் 21 வயதில் நம்மில் எத்தனை பேர் மறுத்திருப்போம்?

ஃபோர்டு கடற்படையில் சேர்ந்தது இரண்டாம் உலகப் போர் நடந்த 1942-இல். முதலில் கரையில் உடற்பயிற்சி ஆசிரியர் வேலை. கடலுக்கு அனுப்புங்கள் என்று கேட்டுப் போய், மான்டரே என்ற விமானந்தாங்கிக் கப்பலில் ஏறினார். 1944 டிசம்பர் 18, பிலிப்பைன்ஸ் கடலில் பெரும் புயல். கீழ்த்தளத்தில் கட்டியிருந்த விமானங்கள் அறுத்துக்கொண்டு ஒன்றோடொன்று மோதித் தீப்பிடித்தன. அபாய மணி கேட்டு மேல்தளத்துக்கு ஓடி வந்தார் ஃபோர்டு. கப்பல் ஒருபுறம் சாய, தளத்தில் சறுக்கிக்கொண்டே கடலை நோக்கிப் போனார். தளத்தின் ஓரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு இரும்பு விளிம்பு. அது சற்றே வேகத்தைத் தடுக்க, உடம்பைத் திருப்பிக் கீழே இருந்த ஒடுங்கிய நடைபாதையில் விழுந்தார். அந்தப் புயல் மூன்று போர்க்கப்பல்களையும் ஏறத்தாழ 790 உயிர்களையும் கொண்டுபோனது. இவ்வளவு உடல்கட்டுள்ளவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது 1975-இல் சால்ஸ்பர்க்கில் விமானப் படியில் ஒருமுறை இடறியதை வைத்து, 'தடுக்கி விழுபவர்' என்று தொலைக்காட்சி அவரைக் கேலி பேசியது. என்ன சொல்ல!

1999-க்கு வருகிறேன். மாணவர்களிடையே இனப் பன்மை வேண்டும் என்று சிறுபான்மையினருக்குச் சேர்க்கையில் மிஷிகன் பல்கலைக்கழகம் முன்னுரிமை அளித்ததை எதிர்த்து வழக்கு நடந்தது. ஃபோர்டு குடியரசுக் கட்சிக்காரர். அவர் கட்சியில் பலரும் எதிர்த்தரப்பில் நின்றார்கள். வயது 86. வாய்மூடி இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில் கட்டுரை எழுதினார். வில்லிஸ் வார்டின் பெயரைச் சொல்லி, 1934-ஐ நினைவூட்டி, பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றார். களத்தில் செய்யத் தவறியதை 65 ஆண்டு கழித்துத் தாளில் செய்தார். அவர் செய்தவற்றில் ஆகப் பெரியது இதுதான் என்பேன். புயலில் பிழைத்தது அதிர்ஷ்டம், இது துணிவு.

மிஷிகன் சட்டக் கல்லூரியின் சேர்க்கை முறை செல்லும் என்று 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் அதே நீதிமன்றம் இன அடிப்படையிலான முன்னுரிமைக்கே கதவைச் சாத்திவிட்டது. இட ஒதுக்கீட்டைப் பற்றி நாள்தோறும் வாதிடும் நம் மாணவர்கள் ஃபோர்டின் அந்தக் கட்டுரையைத் தேடிப் பிடித்து ஒருமுறை படிக்க வேண்டும்.