விடுமுறைக்கு முன் ஒரு பாடவேளை

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்னும் சில நாள்களில் கோடை விடுமுறை. பல ஆண்டுகளாகக் கடைசி வேலை நாளில் நான் ஒரே அறிவுரையைத்தான் சொல்லி வந்தேன்: "கிணற்றுப் பக்கம் போகாதீர்கள், செல்போனைத் தொடாதீர்கள்." பிள்ளைகளும் "சரிங்க சார்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு ஓடுவார்கள். கடமை முடிந்தது என்று நானும் வீட்டுக்குப் போவேன்.

அது போதாது என்று ஒரு மாணவன் எனக்குக் கற்றுக்கொடுத்தான். எட்டாம் வகுப்பு முடித்து விடுமுறைக்குப் போனவன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், எப்போதும் முதல் பெஞ்சில் உட்காருபவன் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். இரண்டு நாள் கழித்து ஆய்வகத்தில் தனியாக நின்றவனிடம் மெதுவாகக் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னான்.

அப்பா, அம்மா இருவரும் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். வெயிலில் பிள்ளை அலையக் கூடாதே என்று ஒரு செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆன்லைன் விளையாட்டில் ஓர் 'அண்ணன்' அறிமுகமாகியிருக்கிறான். விளையாட்டில் பரிசுகள் கொடுத்திருக்கிறான். பிறகு வாட்ஸ்அப் எண் கேட்டான், பிறகு புகைப்படம், பிறகு சட்டையில்லாமல் ஒரு படம். அதன்பின் மிரட்டல் தொடங்கியிருக்கிறது.

"ஏம்ப்பா, அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா அப்பா அடிப்பாரு சார். நீங்களும் போனைத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க."

என் அறிவுரையே அவன் வாயை அடைத்திருக்கிறது! இப்படிப்பட்ட தொல்லை பெண் பிள்ளைகளுக்குத்தான் வரும் என்று நினைத்திருந்ததும் என் தவறு. பெற்றோரை அழைத்துப் பேசினோம். 1098-இல் தெரிவித்தோம். காவல்துறையில் புகாரும் கொடுத்தோம். மிரட்டல் நின்றது. அவன் பழையபடி முதல் பெஞ்சுக்கு வர மூன்று மாதம் ஆயிற்று.

இப்போது கடைசி வேலை நாளில் ஒரு பாடவேளை முழுவதையும் இதற்கென ஒதுக்குகிறேன். முதலில், "தப்பே செய்திருந்தாலும் திட்டமாட்டேன், என்னிடம் சொல்" என்று வாக்குக் கொடுக்கிறேன். அடுத்து மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதுகிறேன்: அனுப்பாதே, அழிக்காதே, சொல். முன்பின் தெரியாதவர் கேட்டால் படமோ, முகவரியோ, ஓடிபியோ அனுப்பாதே. மிரட்டல் செய்தி வந்தால் பயந்து அழிக்காதே, அதுதான் ஆதாரம். அன்றைக்கே பெரியவர் ஒருவரிடம் சொல். தொடக்க வகுப்புக்கு இவ்வளவு வேண்டாம். "போனில் எது பயமாக இருந்தாலும் அம்மாவிடம் காட்டு" என்பது போதும்.

குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்றப் புகார் எண் 1930. இரண்டையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்கிறேன்.

நமக்கும் இரண்டு செய்திகள். குழந்தைக்குப் பாலியல் தொல்லை நடந்ததாகத் தெரிந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். மானம் போகும் என்று மூடி மறைக்க யாருக்கும் உரிமை இல்லை. அடுத்து, ஆதாரம் என்ற பெயரில் குழந்தையின் ஆபாசப் படத்தை நம் செல்போனுக்கு வாங்கக் கூடாது. யாருக்கும் அனுப்பவும் கூடாது. அப்படிப் பகிர்வதே குற்றம்.

பெற்றோரிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். பிள்ளை எல்லோரும் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து செல்போன் பார்க்கட்டும். பணம் அனுப்பும் பின் எண் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். வாட்ஸ்அப் குழுக்களில் தெரிந்தவர்கள் மட்டுமே சேர்க்கும்படி அமைப்பை மாற்றி வையுங்கள்.

சரி, செல்போனைக் கீழே வைத்த பிள்ளை பகல் முழுவதும் என்ன செய்யும்? இதற்குப் பதில் சொல்லாமல் அறிவுரை மட்டும் சொன்னால் பலிக்காது. கோடையில் பல வீடுகளில் புளி உடைப்பார்கள். கொட்டை நிறையக் கிடைக்கும். தரையில் 14 வட்டம் போட்டால் பல்லாங்குழி தயார். கட்டம் வரைந்து, 3 கல்லும் 15 கொட்டையும் எடுத்தால் ஆடுபுலி ஆட்டம். விதிகள் தெரியாவிட்டால் பாட்டியிடம் கேட்டு எழுதி வருவதே விடுமுறை வேலை. வகுப்பு நூலகத்திலிருந்து ஆளுக்கு இரண்டு புத்தகம் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு மாற்றிக்கொள்வார்கள். ஒன்றிரண்டு கிழிந்துதான் திரும்பி வரும். வரட்டுமே, படித்ததால்தானே கிழிந்தது!

விடுமுறைக்கு நடுவில் ஒருமுறை என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போன் செய்து, "என்னப்பா, யார் ஜெயிச்சது, ஆடா புலியா?" என்று கேட்கிறேன். சார் கேட்பார் என்று தெரிந்த பிள்ளைதான், ஏதாவது நடந்தால் சாரிடம் சொல்லலாம் என்றும் நினைக்கும்.

இந்த ஆண்டு கடைசி வேலை நாளில் நீங்களும் ஒரு பாடவேளையை இதற்காக ஒதுக்குங்கள்.