கடலடிக் கேபிளும் சேர்விலக்கமும்

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு ஆற்றிய உரை)



கணினித் தொடர்பாடல், வணிக முறைமைகள் பற்றிப் பேச ஒரு வைத்தியரை அழைத்திருக்கிறீர்கள். இயந்திரத்தின் உட்பகுதி எனக்குத் தெரியாது. அதை நம்பி வேலை செய்பவள் என்ற முறையில் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

நாம் கால் நனைத்த இந்தக் கல்கிசைக் கரையில்தான் சுமார் 39,000 கிலோமீற்றர் நீளமான சீ-மீ-வீ 3 கடலடிக் கேபிள் கரையேறியது. 2006இல் தூத்துக்குடியிலிருந்து இன்னொரு கேபிள் வந்து சேர்ந்தது. நமது செய்திகள் இத்தகைய கேபிள்களில் முழுதாகப் போவதில்லை. சிறு பொதிகளாகப் பிரிந்து, இலக்கமிடப்பட்டுப் போகின்றன. "கிடைத்தது" என்று மறுமுனை பதில் சொல்லாவிட்டால் அந்தப் பொதி மீண்டும் அனுப்பப்படும். 1974இல் வின்ற் சேர்வ், பொப் கான் இருவரும் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த ஒழுங்கு இது. வார்ட்டிலும் அப்படித்தான். தொலைபேசியில் மருந்தின் அளவைச் சொன்னால், தாதி அதைத் திருப்பிச் சொல்லும்வரை நாங்கள் போனை வைப்பதில்லை.

ஆனால் செய்தி பத்திரமாக வந்து சேர்ந்தால் மட்டும் அது உண்மையாகிவிடாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா காய்ச்சலுடன் வந்தார். பெயர் ஜெயந்தி என்று வைத்துக்கொள்வோம். கணினியில் ஒவ்வாமை என்ற இடம் வெறுமையாக இருந்தது. பெனிசிலின் எழுதப் போனேன். "டொக்டர், போனமுறை அந்த ஊசிக்கு உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டினது" என்றார். தேடிப் பார்த்தோம். அவருக்கு இரண்டு பதிவுகள். ஆங்கிலத்தில் ஒன்றில் 'ஈ', மற்றதில் 'ஏ'. ஒவ்வாமை விபரம் மற்றதில் இருந்தது.

பிழை கணினியில் மட்டுமல்ல. 'எழுதப்படவில்லை' என்பதை 'இல்லை' என்று வாசித்தவள் நான். அன்று முதல் கேட்காமல் மருந்து எழுதுவதில்லை.

வங்கிகளுக்கும் இது பொருந்தும். 2006 முதல் நம் நாட்டு வங்கிகளுக்கிடையில் காசோலையின் படம்தான் பயணம் செய்கிறது, தாள் அல்ல. கணக்கைக் கண்டுபிடிப்பது பெயரல்ல, இலக்கம். ஒரே பெயரில் பலர் இருக்கலாம். ஒரே இலக்கத்தில் இருக்கக்கூடாது. ஒருவருக்கு ஒரு மாறாத இலக்கம், அதன்கீழ் ஒரே பதிவு: எந்த முறைமைக்கும் அத்திவாரம் இதுதான்.

தங்கையரே, அந்தப் பாடத்தை இந்தப் பாடசாலை நமக்கு முதல் நாளே தந்துவிட்டது. சேர்வுப் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம். கலியாணத்தோடு பெயர் மாறலாம்; கொழும்பு போய் ரொறன்ரோ, லண்டன், மெல்பேண் என்று விலாசம் மாறலாம். சேர்விலக்கம் மாறாது.

ஆகவே, எங்கிருந்தாலும் இதை வாசிக்கும் தோழியரே, சங்கப் படிவத்தில் உங்கள் சேர்விலக்கத்தையும் எழுதுங்கள். சங்கம் அனுப்பும் கடிதத்துக்கு "கிடைத்தது" என்று ஒரு வரி பதிலும் போடுங்கள்.